நாக்கு உட்காரும் இடம்

பொட்டலத்தைப் பிரித்ததுமே மேஸ்திரி அதை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். உள்ளே இரண்டு மாவு அச்சுகள். ஒன்று, பல்லைப் பிடுங்கிய பிறகு எடுத்த வெறும் ஈறு; அது பாட்டுக்கு வழுவழுவென்று கிடந்தது. இன்னொன்று பிடுங்குவதற்கு முன்னால் எடுத்தது. அதில் மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தன. இடப்பக்கக் கோரைப்பல் வரிசையில் நிற்க மனமில்லாமல் மேலே ஏறி நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அட, இது அந்த ஆளு வாயாச்சே!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

கேட்க அங்கே யாரும் இல்லை. பல் டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில், ஒற்றை ஜன்னல் வைத்த நீளமான அறை அது. முப்பது வருஷமாக அங்கே உட்கார்ந்து பல்செட் செய்கிறார். மேஸ்திரி என்பது டாக்டரம்மா வைத்த பெயர். கை ஒடிந்தால் கட்டுப் போடுகிற அதே வெள்ளை மாவு அறை முழுக்க மிதக்கும். அவர் புருவத்தில், காது மடலில், டீ டம்ளரின் விளிம்பில் படிந்திருக்கும். பத்து மணி வெயில் ஜன்னல் வழியாக நுழைந்தால் பாலில் கரைந்த மாதிரி எல்லாமே மங்கலாகிவிடும். அந்த மங்கலில் உட்கார்ந்துகொண்டு ஊர் வாயை எல்லாம் அவர் படிப்பார். இது தூக்கத்தில் பல்லைக் கடிக்கிற கோபக்காரன், இது நூலைப் பல்லால் அறுக்கிற தையல்காரம்மா என்று சொல்லிவிடுவார். பல்லுக்குச் சொந்தக்காரர்களைப் பார்த்தது மட்டும் கிடையாது. அவர்கள் கீழேயே வந்து கீழேயே போய்விடுவார்கள்.

அச்சோடு டாக்டரம்மாவின் சீட்டு இருந்தது. பெண், வயது நாற்பத்தெட்டு. படியில் விழுந்து அடி, மேல்வரிசை முழுக்க ஆடிப்போய் எடுத்தாயிற்று. வேலைக்குப் பேச்சு முக்கியம். பழைய வரிசை மாதிரியே கோணலாக வேண்டுமாம்.

பேச்சு முக்கியமாம். அப்படியென்றால் அந்த ஆளின் மகள், வாத்தியார்தான். அப்பன் வேலையையே மகளும் பிடித்திருக்கிறாள். அப்பன் பல் மேல் அவ்வளவு பெருமை, அதுதான் கோணலை நிமிர்த்தக்கூட மனசு வரவில்லை. கால் மணி நேரத்தில் முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்கு ஓர் அப்பா, ஒரு வேலை, ஒரு குணம் மூன்றையும் கொடுத்து முடித்துவிட்டார் மேஸ்திரி.

அந்த அப்பா ஒரு ஹெட்மாஸ்டர். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் மேஸ்திரிக்குப் பதினெட்டு வயசு, தம்பிக்குப் பன்னிரண்டு. அவர்களுடைய அப்பா செப்புக் கம்பி திருடிப் பிடிபட்டு எட்டு மாசம் உள்ளே இருந்துவிட்டு வந்திருந்த நேரம். பள்ளிக்கூடத்துப் பித்தளை மணி காணாமல் போனது. இருநூறு பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் ஹெட்மாஸ்டர் வேறு யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம்பியை முட்டி போட வைத்துவிட்டு அண்ணனுக்கு ஆள் அனுப்பினார். இவர் கையைக் கட்டிக்கொண்டு, "அவன் எடுத்திருக்க மாட்டான் சார்," என்றார். ஹெட்மாஸ்டர் மற்ற வாத்தியார்களைத் திரும்பிப் பார்த்து, "சுரை வெதச்சா அவரையா முளைக்கும்?" என்று கேட்டுவிட்டுத் தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். மேலுதடு சுருண்டு ஏறியது. கால்மேல் கால் போட்ட இரண்டு பற்கள், எட்டிப் பார்க்கிற ஒரு கோரைப்பல். அடுத்த வாரம் தம்பி ரயிலேறிப் போய்விட்டான். இரண்டு மாசம் கழித்துப் பழைய பெஞ்சுகளை நகர்த்தும்போது மணி அடியில் கிடந்ததாகக் கேள்விப்பட்டார்கள். யாரும் வீடு தேடி வந்து சொல்லவில்லை.

தம்பி திரும்பவே இல்லை. எந்த ஊரில் இறங்கினான் என்றும் தெரியாது.

அதனால்தானோ என்னவோ, மேஸ்திரிக்கு ஸ்டேஷனில் தினமும் ஒரு குரல் கேட்க வேண்டும். இரண்டு ஸ்டேஷன் தள்ளி இருக்கிற வீட்டிலிருந்து காலையில் வந்து இறங்குவார், சாயங்காலம் திரும்பிப் போவார். இறங்கியதும் ஓடுகிற ஆள் இல்லை அவர். டீக்கடைக்குப் பக்கத்துச் சிமெண்ட் பெஞ்சில் பத்து நிமிஷம் கண்ணை மூடி உட்கார்ந்துகொள்வார். மேலே ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் வண்டி போகிற ஊர்களை வரிசையாகச் சொல்லும். இருபது வருஷமாக அதே குரல். அது ஊர்ப் பெயரைச் சொல்கிற விதமே தனி. அங்கே யாரோ விளக்கேற்றி வைத்துக் காத்திருப்பதைப் போலச் சொல்லும். மேஸ்திரி ஒவ்வோர் ஊரிலும் தம்பியை இறக்கி விடுவார். ஓர் ஊரில் அவன் கடை வைத்திருப்பான், இன்னோர் ஊரில் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரையில் நடப்பான். கடைசியில் மலையடிவாரத்து ஊர் ஒன்று வரும். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும். தம்பி அங்கேதான் இருக்கிறான் என்று மேஸ்திரி முடிவே செய்து வைத்திருந்தார்.

அந்தக் குரலைத்தான் இப்போது ஒரு மாசமாகக் காணோம். அதற்குப் பதிலாகப் பார்சல் குமாஸ்தா ஒருவர் வண்டிகளைத் திட்டுவது போல அறிவித்துக்கொண்டிருந்தார். "அந்தம்மா லீவுங்க," என்றார் டீக்கடைக்காரர். மேஸ்திரி அதற்கு மேல் கேட்கவில்லை. காலை நேரம் உப்பில்லாமல் போயிற்று, அவ்வளவுதான்.

பல்செட்டுக்கு வருவோம். சும்மா சொல்லக்கூடாது, வரிசையை அவர் பிரமாதமாகவே வைத்தார். தொழில் சுத்தம் விடவில்லை. கால்மேல் கால், எட்டிப் பார்க்கிற கோரை, எல்லாம் அச்சில் இருந்தபடியே. மெழுகில் நிறுத்தி, வார்த்து, வேகவைத்து, தேய்த்து எடுத்தார். பாக்கி ஒரே ஒரு வேலை. மேல்தட்டில் முன்பல்லுக்குப் பின்னால், 'ச' சொல்லும்போது நாக்கு போய் நிற்கிற ஒரு விரல்நுனி இடம் உண்டு. நாக்கு உட்காரும் இடம் என்பார் அவர். அங்கே தட்டு தடிமனாக இருந்தால் காற்றுக்கு வழி இருக்காது, பேசினால் விசிலடிக்கும். அதனால் சுரண்டியையும் உப்புத்தாளையும் வைத்துக்கொண்டு அரை நாள் அந்த இடத்தை மட்டும் இழைப்பார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் பின்னாலிருக்கும் தன் நகத்தின் நிழல் தெரிய வேண்டும். அதுவரை விடமாட்டார். இழைக்கும்போது ச, சா, சி, சீ என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருப்பார். வேறெந்த மாடியிலும் இதைச் செய்கிறவர்கள் கிடையாது. டாக்டரம்மாவுக்கே முழுசாகத் தெரியாது.

அந்தச் செட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நகம் தெரியவில்லை. சுரண்டியை எடுத்தார். ஈறு நிறத் தட்டில் உட்கார்ந்திருந்த பற்கள் அவரைப் பார்த்துச் சிரித்தன. அதே சிரிப்பு.

"எல்லாருக்கும் பண்றது உனக்கும் பண்ணணும்னு என்ன கட்டாயம்?" என்று அதனிடமே கேட்டார். சுரண்டியைக் கீழே வைத்தார். மெருகேற்றி, டப்பாவில் போட்டு, கீழே அனுப்பிவிட்டார். அவர் கெடுதல் எதுவும் செய்யவில்லை. நன்றாகக் கவனியுங்கள், ஒன்றுமே செய்யவில்லை. அதில்தான் அவருக்கு நிம்மதியாக இருந்தது.

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "அந்த ஹெட்மாஸ்டர் பொண்ணோட பல்லு என்கிட்ட வந்துச்சு."

"பேர் போட்டிருந்துச்சா?"

"பேர் எதுக்கு? பல்லே சொல்லுதே."

"ஏங்க, போன வருஷம் ஒரு போஸ்ட்மேன் பல்லு வந்தப்பவும் இதையேதான் சொன்னீங்க. அவர் தம்பி மகனா இருக்கும்னு. அதுக்கு முன்னாடி ஒரு நர்ஸம்மா. அந்த மனுஷனுக்கு ஊரெல்லாம் சொந்தமா என்ன?"

"இது அப்படியில்ல. இவளும் வாத்தியார். சுரை வெதச்சா அவரையா முளைக்கும்?"

மனைவி மடித்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். "இப்ப சொன்னீங்களே, இது யாரு பேச்சு?" என்றாள். மேஸ்திரிக்குச் சுருக்கென்றது. முகம் கழுவப் போனார். குழாயைத் திறந்து விட்டு வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பத்து நாள் போயிருக்கும். மூடுபனி காலை. நடைமேடையில் ஆட்கள் இடுப்புவரைதான் தெரிந்தார்கள். காலில்லாமல் மிதந்து போகிறவர்கள் மாதிரி இருந்தது. மேஸ்திரி பெஞ்சில் கண்ணை மூடினார். மேலே ஒலிபெருக்கி 'டொக்'கென்றது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு..."

வந்துவிட்டாள்! மேஸ்திரியின் முகம் தானாக மலர்ந்தது. தொலைந்த சாவி சட்டைப் பையிலேயே கிடைத்தது போல ஒரு சந்தோஷம். அடுத்த வார்த்தை 'சற்று'. அது வரவில்லை, விசில்தான் வந்தது. 'வந்து சேரும்' என்பதில் இன்னொன்று. 'செல்லும்' என்பதில் இன்னும் நீளமாக ஒன்று. பனிக்குள்ளிருந்து யாரோ பதிலுக்கு விசிலடித்தார்கள். நடைமேடை முழுக்கச் சிரித்தது. குரல் தடுமாறி, அவசரமாக ஊர்களைச் சொல்லி முடித்தது. மலையடிவாரத்து ஊரைச் சொல்லாமலே விட்டுவிட்டது.

மேஸ்திரி சிரிக்கவில்லை. பெற்ற தாய்க்குப் பிள்ளை அழுகிற சத்தம் தெரிகிற மாதிரி அவருக்கு அந்த விசில் தெரிந்தது. தடிமனான தட்டு. முன்பல்லுக்குப் பின்னால். ஒன்றரை மாசம் லீவு. பேச்சு முக்கியம். எல்லாம் ஒன்றோடொன்று வந்து பொருந்தின. அடப்பாவி, யார் வாயில் மண்ணைப் போட்டேன்!

"பாவங்க," என்றார் டீக்கடைக்காரர், டம்ளரை நீட்டிக்கொண்டே. "படியில விழுந்து பல்லு போயிடுச்சாம். நாளைக்குப் பெரிய ஆபீசர் வந்து கேக்கப் போறாராம். சரிப்படலைன்னா மெஷின் குரல் வெச்சிருவாங்க. இந்தம்மா பார்சல் ஆபீஸ்ல மூட்டைக்குச் சீட்டு ஒட்டப் போகணும். இருபது வருஷம்... என்னத்தைச் சொல்ல?"

டீ ஆறிக்கொண்டிருந்தது. மேஸ்திரி அந்தப் போஸ்ட்மேனை நினைத்துப் பார்த்தார். அவருக்கு இழைத்தோமா, விட்டோமா? அந்த நர்ஸம்மாவுக்கு? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

வேலைக்குப் போனதும் டாக்டரம்மாவிடம் கேட்டார். "ஆமா மேஸ்திரி, விசில் வருதுன்னு சொன்னாங்க. ரெண்டு வாரத்துல பழகிடும்னு அனுப்பிட்டேன். ஏன்?" என்றாள். ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு மாடியேறினார். சுரண்டி, மூன்று தினுசு உப்புத்தாள், மெருகுத்துணி எல்லாவற்றையும் டிபன் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

அறிவிப்பு அறை நடைமேடையின் கோடியில், நான்கு படி ஏறிப் போகிற மாதிரி இருந்தது. அந்தப் படியில்தான் விழுந்திருப்பாள். உள்ளே மேசை, மைக்கு, ஒரு கறுப்பு ஃபோன், நேர அட்டவணை. ஸ்வெட்டர் போட்ட சின்ன உருவம் ஒன்று வாயில் பொத்தியிருந்த கைக்குட்டையை இறக்கிவிட்டு, "என்னங்க?" என்று திரும்பிப் பார்த்தது. மேஸ்திரி முதல் முறையாகத் தான் செய்த பல்லை ஒரு முகத்தில் பார்த்தார்.

"பல் டாக்டரம்மா மாடியில வேலை பார்க்கிறேங்க. உங்க பல்லு நான் செஞ்சதுதான்."

அவள் முகம் விரிந்தது. "நீங்களா! வரிசை அவ்வளவு நல்லா இருக்குங்க. கண்ணாடியில பார்த்தப்ப, தொலைஞ்சு போன நானே திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு." விசில் நடுநடுவே வந்தது. அவள் மறுபடி கைக்குட்டையை எடுத்தாள். "பேச்சுதான் கொஞ்சம்... பழகிடும்னாங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். "பழகாதுங்க," என்றார். "அதுல ஒரு வேலை பாக்கி இருக்கு."

"மறந்துட்டீங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். மறதி எல்லோருக்கும் வருவதுதான், அவளும் மன்னித்துவிடுவாள். மேஸ்திரி பையின் வாரைத் திருகினார். "மறக்கலைங்க. செய்யாம விட்டுட்டேன்."

அவள் கைக்குட்டையை இறக்கினாள். "ஏன்?"

"உங்களை வேற யாரோ ஒருத்தரோட சேர்த்து நினைச்சுட்டேன். யாருன்னு கேக்காதீங்க. சொன்னா இன்னும் அசிங்கம்."

அவள் கண்ணில் ஈரம் கட்டியது. அது கோபமா, காலையில் பட்ட அவமானமா, அவருக்குத் தெரியவில்லை. வெளியே போகச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தார். அவள் அட்டவணையைப் பார்த்தாள். "அடுத்த வண்டிக்கு நாற்பது நிமிஷம் இருக்கு," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நின்று, பல்லைக் கழற்றி, கைக்குட்டையில் வைத்து நீட்டினாள்.

ஜன்னலோரம் உட்கார்ந்து மேஸ்திரி இழைக்கத் தொடங்கினார். வெளியே பனி வெள்ளையாகச் சூழ்ந்து நின்றது. மடியில் தூள் உதிர்ந்தது. ச, சா, சி, சீ. அரை நாள் வேலையை நாற்பது நிமிஷத்தில் முடிக்க வேண்டும். கை பரபரத்தாலும் அழுத்தம் கூடக்கூடாது. தட்டு ஓட்டையாகிவிட்டால் கதை முடிந்தது. நெற்றி வேர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டார். அவள் எதிர் நாற்காலியில் வாயைப் பொத்திக்கொண்டு அவர் உதடு அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃபோன் அடித்தது. அவள் எடுத்து, 'ம்', 'ம்' என்று கேட்டு, குறித்துக்கொண்டு வைத்தாள். வண்டி நடைமேடை மாற்றி வருகிறது. இப்போதே சொல்லியாக வேண்டும். மைக்கைப் பார்த்தாள். பொத்திய வாயைத் தொட்டுக் காட்டினாள். பிறகு தாளை அவர் பக்கம் தள்ளினாள்.

"நானா? ஐயோ, எனக்கு என்னங்க தெரியும்!"

அவள் பொத்தானை அழுத்திவிட்டாள். 'டொக்.'

மேஸ்திரி ஒரு கையில் பல்லையும் மறுகையில் தாளையும் பிடித்துக்கொண்டு மைக்கின் முன்னால் குனிந்தார். "பயணிகளின்..." என்று ஆரம்பித்தார். யாரோ கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல வெளியே தன் குரல் தனக்கே கேட்டது. தட்டுத்தடுமாறி நடைமேடை எண்ணைச் சொன்னார். ஊர்களைச் சொன்னார். கடைசி வரியில் மலையடிவாரத்து ஊர் இருந்தது. அங்கே நின்றுவிட்டார். இருபது வருஷமாக மனசுக்குள்ளேயே வைத்திருந்த ஊர். ஒரு முறை சொன்னார். தாளில் இல்லாவிட்டாலும் இன்னொரு முறை சொன்னார், அங்கே இருக்கிற ஆளுக்குக் காதில் விழட்டும் என்பது போல.

கீழே டீக்கடைக்காரர் டம்ளரைப் பிடித்தபடியே அண்ணாந்து பார்ப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அவளும் அதைப் பார்த்துவிட்டாள். குபுக்கென்று சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. பொத்திய கை நழுவியது. வெறும் ஈறு தெரிய, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். மேஸ்திரி அந்த வாயைப் பார்த்தபடி நின்றார். அதில் யாருடைய சாயலும் இல்லை. பச்சைக் குழந்தைக்கும் தொண்ணூறு வயசுக்காரருக்கும் இருக்கிற அதே வாய்தான்.

மறுபடி உட்கார்ந்து இழைத்தார். கேட்டுவிடலாம் என்று தோன்றியது. ஒரே கேள்வி, ஒரே தலையசைப்பில் தெரிந்துவிடும். "உங்கப்பா..." என்று வாயெடுத்தார்.

அவள் புருவத்தை உயர்த்தினாள். என்ன?

ஆமாம் என்று தலையாட்டினால் இந்தக் கை நின்றுவிடுமா? இல்லை என்றால்தான் இழைக்குமா? மேஸ்திரி குனிந்து தட்டைப் பார்த்தார். "ஒண்ணுமில்லைங்க," என்றார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஈறு நிறத்துக்குப் பின்னால், பனிக்குள் ஆள் வருவது மாதிரி, நகத்தின் நிழல் மெல்லத் தெரிந்தது. கழுவித் துடைத்து நீட்டினார். "போட்டுப் பாருங்க."

போட்டுக்கொண்டாள். வாய்க்குள் நாக்கு இடம் தேடுவது கன்னத்தில் தெரிந்தது. "உள்ள பேசிப் பார்த்தா புரியாது. ஒலிபெருக்கியிலதான் தெரியும்," என்று கைக்குட்டைக்குள்ளேயே முணுமுணுத்தாள். "கீழ போய் நின்னு கேளுங்க. நீங்க எதிர்ல இருந்தா எனக்கு வராது."

மேஸ்திரி நான்கு படியையும் கைப்பிடியைப் பிடித்து இறங்கினார்.  பனி இன்னும் விலகவில்லை. ஆட்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாற்று நடைமேடைக்கு நகர்ந்துகொண்டிருந்தார்கள். விசிலடிக்கிறவன் தூணில் சாய்ந்து உதட்டைக் குவித்துத் தயாராக நின்றான்.

'டொக்.'

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு," என்றது குரல். அடுத்த வார்த்தை 'சற்று'. அதற்கு முன்னால் நின்றது. ஒலிபெருக்கியில் அவள் மூச்சை இழுக்கிற சத்தம் நடைமேடை முழுக்கக் கேட்டது. மேஸ்திரி கண்ணை மூடினார். அவர் வாய்க்குள் அவருடைய நாக்கு தானாக எழுந்து, முன்பல்லுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது.